கிட்டங்கி பெரிதானால் போதுமா?

1997-இல் தொடங்கப்பெற்ற சைபர்ஜெயாவின் தரவு மையங்களில், வட்டுத் தொகுதி ஒன்றே பல சர்வர்களுக்குக் கிட்டங்கியாக நிற்பதுண்டு. இடம் போதாதபோது அதைப் பெருக்குவது எவ்வாறு?

கிள்ளான் துறைமுகத்துக் கிட்டங்கியை எண்ணிப் பார்க்க. சுவரை நீட்டினால் மட்டும் சரக்கு ஏறாது. கணக்கப்பிள்ளை புதிய அளவைத் தம் ஏட்டில் பதியவேண்டும். இங்கும் அவ்வாறே. முதலில் வட்டுத் தொகுதியில் கொள்ளளவை உயர்த்துவர். அடுத்துச் சர்வர் அதனை மீண்டும் அளந்தறியும். பின்னர்ப் பகிர்வின் எல்லை நீளும். இறுதியில் கோப்பு முறைமை விரியும். இவற்றுள் ஒன்று விடுபடினும் புதிய இடம் பயன்படாது.

சுருக்குவதற்கோ முறை தலைகீழ்: கோப்பு முறைமையே முதலிற் சுருங்கவேண்டும். வெளிச்சுவரை முதலில் இடித்தால், ஆண்டுக்கணக்கிற் சேர்த்த பதிவுகள் அழியும். சில கோப்பு முறைமைகளோ விரியுமேயன்றிச் சுருங்கா. ஆதலின், எதற்கும் முன் படியெடுத்து வேறிடத்தில் வைத்தலே அறிவுடைமை.