தரகர் யாருக்கு ஆள்?



செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர் வட்டாரத்திலே நெல் விலையைவிட நில விலையைப் பற்றித்தான் இப்போது அதிகம் பேச்சு. டீக்கடையிலே உட்கார்ந்தால் போதும், "அண்ணே, நல்ல பார்ட்டி இருக்குது, குடுக்கிறீங்களா?" என்று ஒருவர் வந்துவிடுவார். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். கொடுப்பதென்றால் முதலில் ஒன்று கேளுங்கள்: "தம்பி, நீ யாருக்கு ஆள்? எனக்கா, வாங்குறவருக்கா?"

தரகர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்க வேண்டாம். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிற தரகர்கள் உண்டு. விற்கிறவருக்கு விலை ஏறவேண்டும், வாங்குகிறவருக்கு இறங்கவேண்டும். ஒரே ஆள் இரண்டு பேருக்காகவும் எப்படிப் பேரம் பேசுவார்? பேரம் படிந்தால் போதும் என்றுதான் பேசுவார்.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, உங்கள் ஏஜெண்டாக இருப்பவர் நீங்கள் கேட்டால் கணக்குக் காட்டவேண்டும். உங்களுக்குத் தெரியாமல் நடுவிலே தனக்கென்று வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தையே நீங்கள் கேட்டு வாங்கலாம். ஆனால் அவர் உங்கள் ஏஜெண்டு என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே! ஆகவே கமிஷன் எவ்வளவு, எதிர்த்தரப்பிலும் வாங்குகிறாரா, எந்த விலைக்குக் குறையக்கூடாது என்பதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விலையை சென்ட் கணக்கா, கிரவுண்டு கணக்கா என்றும் எழுதுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட்.

அடுத்தது பவர் பத்திரம். "உங்களுக்கு ஏன் அலைச்சல்? ஒரு பவர் எழுதிக் குடுத்துடுங்க" என்பார்கள். பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பது உங்கள் கையெழுத்தையே கொடுப்பது மாதிரி. அவர் விற்றால் நீங்கள் விற்றதுதான். பிறகு ரத்து செய்யலாம் என்றால், பணம் வாங்கிக்கொண்டு அவருக்கும் நிலத்தில் பாத்தியதை வரும்படி எழுதிக் கொடுத்த பவரை நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. வாங்குகிறவருக்கும் அது பத்திரமில்லை. பவரால் சொத்து கைமாறாது, பதிவான கிரயப் பத்திரத்தால்தான் மாறும் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. தவிர்க்க முடியாமல் பவர் கொடுத்தால், சர்வே நம்பர், பரப்பு, குறைந்தபட்ச விலை எல்லாம் எழுதி, பணம் உங்கள் பாங்குக் கணக்குக்கே வரவேண்டும் என்றும் சேருங்கள். கூடுமானவரை சார்பதிவாளர் ஆபீசுக்கு நீங்களே போய்க் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நாள் பஸ் செலவு பெரிசில்லை.

பிள்ளைக்கு மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவை ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு செய்த பிறகே விற்கலாம். அதை விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டுக்கும் பதிவு எண் வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ரோடு, வடிகால் போட்டுத் தருவதாகச் சொல்லி மனை விற்றவர் ஏமாற்றினால், நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம். வெறும் விவசாய நிலத்தை வாங்கினால் இந்த ரியல் எஸ்டேட் சட்டம் கைகொடுக்காது. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று இவைதான் காவல்.

மாமல்லபுரம் பக்கம் இன்னும் ஜாக்கிரதை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக்கூடாது. கடலோரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. மனை மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று விசாரியுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்னால், தரகர் கூட்டிவரும் வக்கீலிடம் இல்லாமல் உங்கள் சொந்த வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுங்கள். வசதியில்லாதவர்களுக்கு செங்கல்பட்டிலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். பெண்களும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களும் வருமானம் எதுவானாலும் இந்த உதவியைக் கேட்கலாம். பாட்டன் தேடிய நிலம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.