நிலவு மண்ணும் உவரிக் கருமணலும்

வள்ளியூரிலிருந்து கிழக்கே உவரிப் பக்கம் போனால் கடற்கரை மணலில் கறுப்பு வரிவரியாகப் படிந்திருக்கும். அந்தக் கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். 1969-இல் அப்பல்லோ 11 அள்ளி வந்த நிலவு மண்ணிலும் இதே இல்மனைட் தாராளமாக இருந்தது.

நிலவு மண்ணைப் பகுத்தால் நாம் அறியாத தனிமம் ஒன்றும் கிடைக்காது. எடையில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன்தான். ஆனால் மூச்சுக்கு ஆகாது. அத்தனையும் கனிமங்களுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அடுத்தது சிலிக்கன், சுமார் 20 சதவீதம். மீதியில்தான் இடத்துக்கு இடம் வேறுபாடு. நிலவில் கருந்திட்டாகத் தெரியும் சமவெளிகளில் இரும்பும் டைட்டானியமும் கூடுதல். வெளுத்த மேட்டுநிலத்தில் அலுமினியமும் கால்சியமும் கூடுதல். அங்குள்ள பாறை அனார்த்தோசைட்.

அந்தப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடக்கிறது. இஸ்ரோ அதை வெட்டி, அரைத்து, பல அளவில் சலித்து, டன் கணக்கில் போலி நிலவு மண் தயாரித்தது. பெங்களூருவில் அதைப் பரப்பி, நிலவில் ஓட வேண்டிய உலவி (ரோவர்) வண்டியின் சக்கரங்களை ஓட்டிப் பார்த்தார்கள். செய்முறைக்கு 2020-இல் காப்புரிமையும் கிடைத்தது.

இருந்தாலும் அசலும் போலியும் ஒன்றாகிவிடாது. காற்றோ நீரோ இல்லாத இடத்தில் நுண்விண்கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மோதி மோதி உருவான மண் அது. மோதிய சூட்டில் மண் உருகிக் கண்ணாடித் துணுக்காக உறைந்திருக்கும். அதற்குள் கண்ணுக்கே தெரியாத இரும்புப் பொடி, துருப்பிடிக்காமல். நம் தேரிக்காட்டு மணல் சிவந்திருப்பது இரும்பு துருவேறியதால். நிலவில் துருவேற்ற ஆளில்லை, மண் சாம்பல் நிறத்திலேயே நின்றுவிட்டது.

2023 ஆகஸ்ட் 23-இல் இஸ்ரோவின் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் பிரக்யான் உலவி 103 மீட்டர் பாதையில் 23 இடங்களில் நின்று பார்த்தது. அதிலிருந்த கருவியின் க்யூரியம் உமிழும் கதிர்கள் மண்ணில் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளிவிடும். கருவி அதைக் கொண்டு ஆளை அடையாளம் கண்டது. எதிர்பார்த்தபடியே மேட்டுநில அனார்த்தோசைட் வகை மண். ஆனால் மக்னீசியம் மிகுந்த கனிமங்களும் கணிசமாகக் கலந்திருந்தன. தென்துருவ–எய்ட்கென் என்ற பெரும்பள்ளத்தைக் குடைந்த மோதல், ஆழத்திலிருந்து வாரியிறைத்தவை அவை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.