பிரம்புக்குப் பின்

தனிநபர் கல்வித் திட்டம் என்பது, மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் ஓராண்டில் எவற்றைக் கற்க வேண்டும், அதற்கு யார் எவ்வாறு துணைநிற்க வேண்டும் என்பதை அவருக்கென்றே எழுதி வைக்கும் ஏடு என்று சென்ற இதழில் விளக்கப்பட்டது. அந்த ஏட்டில் எழுத்துக்கும் எண்ணுக்கும் கிடைக்கும் இடம் நடத்தைக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ‘அடம் பிடிக்கிறான்’, ‘சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்ற புகாரோடு அது முடிந்துவிடுகிறது.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் செயலையும் ஒருசேரத் தடைசெய்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டிருந்த நிலையில், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்ததோடு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இம்மாணவர்களுக்குத் தேவையான தனிப்பட்ட துணையை அளிக்க வேண்டும் என்று தன் 16ஆம் பிரிவில் கூறுகிறது. ஆசிரியர் கையிலிருந்து பிரம்பை வாங்கியது சரியே. ஆனால் அந்தக் கையில் மாற்றாக எதைக் கொடுப்பது என்பதை இவ்விரு பிரிவுகளும் சொல்லவில்லை.

செஞ்சியிலோ, அதையடுத்த வல்லம், மேல்மலையனூர் ஒன்றியங்களின் சிற்றூர்களிலோ இக்கேள்வி கூடுதல் கனம் பெறுகிறது. சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்தைச் சார்ந்து பல பள்ளிகளுக்குச் சென்று வருபவர்; மற்ற நாட்களில் பிள்ளையோடு இருப்பவர்கள் வகுப்பாசிரியரும் சத்துணவுப் பணியாளர்களுமே என்பதால், வல்லுநர் மொழியில் எழுதப்பட்ட திட்டம் பீரோவை விட்டு வெளியே வராது.

பேச்சு வராத சிறுவன் ஒருவன் மதிய உணவு வரிசையில் நிற்கும்போதெல்லாம் தன் கையைக் கடித்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொண்டால், ‘கடிக்கிறான்’ என்பது செய்தியின் பாதி மட்டுமே. அதற்கு முன் என்ன நடந்தது, அதன் பின் அவனுக்கு என்ன கிடைத்தது என்ற இரண்டையும் சேர்த்துச் சில நாட்கள் குறித்து வைப்பதே நடத்தையின் நோக்கத்தை அறியும் ஆய்வு எனப்படுகிறது. தட்டுகளின் சத்தமும் நெரிசலும் முன்னிகழ்வாகவும், திட்டியபடியே அவனை வராந்தாவுக்கு அழைத்துச் செல்வது பின்விளைவாகவும் அக்குறிப்பில் தெரிந்தால், தண்டனை என்று ஆசிரியர் கருதியதே அவன் நாடிய விடுதலையாக இருந்திருக்கிறது என்பதும், ஒவ்வொரு முறை வெளியே அழைத்துச் செல்லப்படும்போதும் கடிக்கும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது என்பதும் விளங்கும். கையைக் கட்டிப்போடுவது இதற்குத் தீர்வாகாது. வரிசை சேருமுன்பே அவனுக்கு உணவு கொடுத்து அமரவைப்பதும், ‘வெளியே போக வேண்டும்’ என்பதை ஒரு படஅட்டையாலோ சைகையாலோ கேட்கக் கற்பித்து, கேட்டவுடன் அழைத்துச் செல்வதுமே தீர்வு. அதே பயனைத் தரும் நயமான வழியொன்றைக் கற்பிக்கும் இம்முறைக்கு மாற்று நடத்தையைக் கற்பித்தல் என்று பெயர். அமெரிக்க உளவியலாளர்கள் கார், டுராண்ட் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, கேட்கும் வழியைக் கற்ற பிள்ளைகளிடம் சிக்கலான நடத்தை குறைவதைக் காட்டியது. செல்லம் கொடுப்பதாகிவிடாதா என்று கேட்போர் உண்டு. பேசத் தெரிந்த பிள்ளை வாயால் கேட்டுப் பெறுவதை யாரும் செல்லம் என்பதில்லை.

திறனையும் நடத்தையையும் அளக்கும் கருவிகள் இந்தியாவிலேயே உருவாகியுள்ளன. சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் அமைத்த ‘மெட்ராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறை’ 18 பிரிவுகளில் 360 திறன்களை வரிசைப்படுத்துகிறது. ரீட்டா பெஷாவரியாவும் வெங்கடேசனும் 1992இல் செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட அளவுகோலின் இரண்டாம் பகுதி, 75 சிக்கலான நடத்தைகளைப் பத்துத் தலைப்புகளில் அடக்கி, ஒருபோதும் இல்லை, சில வேளை, அடிக்கடி என மூன்று நிலைகளில் மதிப்பெண் இடுகிறது. எவ்வளவு என்பதை எண் சொல்லும். ஏன் என்பதை முன்னும் பின்னும் குறித்த அந்தத் தாள்தான் சொல்ல வேண்டும்.

நடத்தையைத் திட்டத்தில் சேர்ப்பதை அமெரிக்கா நல்லெண்ணத்திற்கு விட்டுவைக்காமல், மாணவரின் நடத்தை கல்விக்குத் தடையாகும்போது ஆக்கபூர்வமான நடத்தைத் துணைகளைத் தனிநபர் கல்வித் திட்டக் குழு கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1997இல் சட்டத்திலேயே எழுதியது.

செஞ்சிப் பெற்றோர் அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது, பிள்ளை என்ன படித்தான் என்று கேட்பதோடு, அவன் அடம் பிடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று எவரேனும் எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

(தொடரும்)