வெயிலைத் தாமதப்படுத்தும் தளம்

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி இன்னும் இடிபடாமல் நிற்கும் பழைய வீடு எதற்குள்ளாவது போனால், அண்ணாந்து பாருங்கள். உத்தரத்தின் மேல் வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல், ஓர் அங்குலமே கனமுள்ள சின்னச் செங்கற்கள் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் அடுக்கப்பட்டிருக்கும். இதுதான் ‘மெட்ராஸ் டெரஸ்’. அடுக்கிய செங்கல்மீது சுண்ணாம்பில் குழைத்த செங்கல் ஜல்லியைப் பரப்பி, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு.

இத்தனை அடுக்கையும் தாண்டி உச்சிவெயிலின் சூடு அறைக்குள் இறங்கப் பல மணி நேரமாகும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று.

இன்று கிராமத்தில் அரசு உதவியோடு எழும் வீடுகளில் இந்தத் தாமதம் இல்லை. 2024-இல் அறிவிக்கப்பட்ட ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். குடிசைக்குத் தீப்பிடிக்கும் பயம் போனது பெரிய விஷயம். ஆனால், இவற்றின் கூரை கான்கிரீட்; செங்கல்லைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தைக் கடத்துவது அது. ஒற்றைத் தள வீட்டில் நாள் முழுக்க வெயில் வாங்குவதும் கூரைதான். சிறிய வீட்டில் முற்றத்துக்கும் இடமில்லை.

பழைய தளத்தையே இங்கும் போடலாமென்றால், தேக்குக்கு எங்கே போவது? ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு வழி கண்டிருக்கிறது. மரக்கட்டைக்குப் பதில் முன்கூட்டியே வார்த்த மெல்லிய கான்கிரீட் விட்டங்கள்; நடுவே செங்கல் பலகைகள். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை இன்னொன்று. தளத்தின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்கு அதிக வேலையில்லை. எனவே கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தார். சிமென்ட்டும் செலவும் குறைந்தன. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட்டால் வருவது. ஆகவே இந்தச் சிக்கனம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

அரசு வீட்டைப் பெரும்பாலும் பயனாளியே ஆள் வைத்துக் கட்டிக்கொள்கிறார். கொத்தனாருக்குத் தெரிந்ததுதான் அங்கே வரைபடம். ஒன்றியத்துக்குப் பத்துப் பேருக்கு இந்தத் தளங்களைப் போடக் கற்றுக்கொடுக்கலாம். ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு, கோடைக்கு முன் மொட்டைமாடியில் இரண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே சூடு தணியும்.