கப்சாயின் வால்வு உறுப்புகள் விரைவில் தேய்வதேன்?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள சூலியா தெரு பழம்பெருமை வாய்ந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயரையே அது தாங்கி நிற்கிறது. நாகூர் தர்காவும் அத்தெருவில்தான் உள்ளது. இன்று அங்கே பயணிகளுக்கு மோட்டார் சைக்கிள்களை வாடகைக்கு விடும் கடைகள் பல. 'கப்சாய்' எனப்படும் சிறு வண்டிகளை அக்கடைகளில் காணலாம். ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சூப்பர் கப்' வண்டியின் வழிவந்தவை அவை. 'கப்' என்னும் ஆங்கிலப் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று என்பர். ஹோண்டா வண்டிகளை மலாயாவில் பரப்பிய லோ பூன் சியூவும் பினாங்கு வணிகரே.

நீண்ட நாள் உழைப்பதற்குப் பெயர் பெற்றவை இவ்வண்டிகள். ஆயினும் சிலவற்றில் என்ஜினின் பிற பகுதிகள் நன்றாயிருக்க, வால்வை இயக்கும் உறுப்புகள் மட்டும் முன்னதாகவே தேய்ந்துவிடுகின்றன. காரணம் யாது? மிகு வேகமே என்று பலர் கருதுவர். உண்மை பெரும்பாலும் வேறு.

பெட்ரோல் கலவை உள்ளே வரவும் புகை வெளியேறவும் வழி திறந்து மூடுவன வால்வுகள். முட்டை வடிவான கேம் சுழன்று ராக்கரை அழுத்துகிறது. ராக்கர் வால்வைத் திறக்கிறது. சுருள்வில் அதை மூடுகிறது. என்ஜின் நிமிடத்திற்கு 6000 முறை சுற்றும்போது, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடும். கேமும் ராக்கரும் தொடும் பரப்போ மிகச் சிறிது. அவற்றைப் பிரித்துக் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே.

இச்சிறு வண்டி கொள்ளும் எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு. அதுவே கியருக்கும் கிளச்சுக்கும் உரியது. அடியிலிருந்து கிளம்பும் எண்ணெய் கேம் இருக்கும் தலைப்பகுதிக்குக் கடைசியாகவே சென்று சேர்கிறது. அளவு குறைந்தால் முதலில் வறள்வதும் அவ்விடமே. துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஒரு சேர்க்கைப் பொருள் எண்ணெயில் இருந்து உலோகத்தைக் காக்கிறது. நாளடைவில் அது செலவாகிவிடும். மலேசியாவில் என்ஜின் எண்ணெயை 'மிஞ்ஞாக் ஹீத்தாம்', அதாவது கறுப்பு எண்ணெய் என்பது வழக்கு. புதிய எண்ணெயோ பொன்னிறமானது!

மெதுவாக ஓடுவதும் தேய்மானத்திற்கு இடம் தரும். வேகம் மிகும்போது எண்ணெய்ப் படலம் தடிக்கிறது. கேமின் முனையில் சுருள்வில் தரும் அழுத்தமும் ஓரளவு குறைகிறது. நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டிக்கு இவ்விரு துணையும் இல்லை. குறுந்தொலைவே ஓடும் வண்டியில் என்ஜின் நன்கு சூடேறாமையால், நீரும் பெட்ரோலும் எண்ணெயில் கலந்து அதன் ஆற்றலைக் குறைக்கும். கேமின் கடினமான மேற்பரப்பு தேய்ந்துவிட்டாலோ பின்னர் அழிவு விரைவாகும். உதிரும் துகள் எண்ணெயோடு சுற்றிப் பிற உறுப்புகளையும் அரிக்கும். வால்வு முழுதும் திறவாமையால் வண்டி மேட்டில் ஏறத் திணறும்.

டேப்பட் இடைவெளியும் முக்கியமானது. கப்சாய்கள் பலவற்றில் அது என்ஜின் குளிர்ந்திருக்கையில் 0.05 மில்லிமீட்டர், எழுதும் தாளின் தடிப்பில் ஏறக்குறையப் பாதி. இடைவெளி மிகுந்தால் 'டிக் டிக்' என்னும் ஓசை எழும். அதனால் ஓசையற்ற என்ஜினே நல்லது என எண்ணுதல் தவறு. இடைவெளி அற்றுப்போனால் ஓசை இராது. ஆனால் வால்வு முழுதும் மூடாது, தன் வெப்பத்தை வெளிவிட இயலாமல் கருகும்.

இடைவெளியைச் சரிசெய்த பின்னும் ஓசை நிற்காவிடில் திருகை மேலும் முடுக்குவது பயனற்றது. இடைவெளியை அளப்பது கேமின் வட்டப்புறத்தில், தேய்வதோ முனையில். ஆகவே கேமையும் ராக்கரையும் கழற்றிப் பார்த்தல் வேண்டும். தேய்ந்த ராக்கரோடு புதிய கேமை இணைத்தால் புதியதும் விரைவில் கெடும்.

உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுதல், அளவுகோலை அடிக்கடி நோக்குதல், மோட்டார் சைக்கிளுக்கென அமைந்த எண்ணெயையே ஊற்றுதல், இடைவெளியைச் சோதித்தல் ஆகிய நான்குமே போதும். வாடகை வண்டியை ஓட்டுவோர் பலர்; அதன் எண்ணெயைப் பார்க்க வேண்டியவர் ஒருவர். அவ்வொருவர் மறந்தால், பல்லாண்டு உழைக்க வேண்டிய என்ஜின் ஒரு புட்டி எண்ணெயின் குறைவால் பாழாகும்.