கேளாமல் அணையும் கணிப்பொறி

கணிப்பொறி உள்ள எந்த வீட்டிலும், எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடிய புலம்பல் ஒன்று உண்டு. "இரவு எல்லாவற்றையும் திறந்தபடியே விட்டுப் போனேன், காலையில் வந்து பார்த்தால் ஒன்றையும் காணோம். தானே அணைந்து தானே எழுந்திருக்கிறது!" என்பதே அது. பாதி எழுதிய கடிதம், கூட்டிக்கொண்டிருந்த கணக்கு, பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்துச் சேகரித்த குறிப்புகள் யாவும் மறைந்து, திரையில் ஓர் அழகிய மலைக்காட்சியும் கடிகாரமும் மட்டும் நிற்கின்றன. நம் பொருளை நம்மைக் கேளாமல் பிறர் எடுத்துக் கையாண்டால் நமக்குச் சினம் வராதா? இது ஏன் நிகழ்கிறது, நியாயம் யார் பக்கம் இருக்கிறது, நாம் செய்யக்கூடியது யாது என்பவற்றைக் காண்போம், தோழியரே.

முதலில் கணிப்பொறியின் உள்ளே நடப்பதைச் சற்று அறிய வேண்டும். அதில் இரண்டு விதமான சேமிப்பு இடங்கள் உள்ளன. ஒன்று வட்டு, இதை அலமாரி எனலாம். மின்சாரம் போனாலும் அதில் வைத்தது அப்படியே இருக்கும். மற்றொன்று நினைவகம், இது வேலை செய்யும் மேசை போன்றது. அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பித்தான் கணிப்பொறி எந்த வேலையையும் செய்கிறது. ஆனால் மின்சாரம் நின்ற அக்கணமே மேசை துடைத்தாற்போல் வெறுமையாகிவிடும். நாம் எழுதும் கட்டுரையைச் சேமிக்கும்வரை அது மேசைமேல்தான் கிடக்கிறது. கணிப்பொறியை ஆட்டிவைக்கும் விண்டோஸ் போன்ற இயங்குதளமும், கணிப்பொறி ஓடும் நேரமெல்லாம் அந்த மேசைமேல்தான் அமர்ந்திருக்கிறது.

இந்த இயங்குதளம் மனிதர் எழுதியது; கோடிக்கணக்கான வரிகள் கொண்டது. அவ்வளவு வரிகளில் பிழையே இராது என்று எதிர்பார்க்க முடியுமா? சில பிழைகள் வெறும் தொல்லை. வேறு சில, திருடன் நுழையக்கூடிய திறந்த சன்னல்கள். அவற்றைக் கண்டுபிடிக்கும்தோறும் நிறுவனம் திருத்திய கோப்புகளை இணையம் வழியாக அனுப்புகிறது. இதைத்தான் அப்டேட் என்கிறோம்.

புதிய கோப்பு வந்துவிட்டது. பழையதை எடுத்துவிட்டு அதை வைத்தால் போதாதா, ஏன் அணைத்து எழுப்ப வேண்டும் என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல். பழைய கோப்பை அந்த நேரத்தில் இயங்குதளமே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. அடுப்பில் சோறு கொதிக்கும்போது அடுப்பை மாற்ற இயலுமா? பயன்பாட்டில் உள்ள கோப்பை விண்டோஸ் பெரும்பாலும் பூட்டி வைத்துவிடும். ஆகவே, "அடுத்த முறை எழும்போது இன்ன கோப்புக்குப் பதில் இன்ன கோப்பு" என்று ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு, எழுந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில், எவரும் எதையும் தொடாதபோது, மாற்றத்தைச் செய்து முடிக்கிறது. திரையில் விழுக்காடு ஏறிக்கொண்டே போகிறதே, அப்போது நடப்பது இவ்வேலைதான்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் இதற்கு வேறு வழி கண்டது. அதில் கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய உள்ளடக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, அதே பெயரில் புதிய கோப்பை வைத்துவிடலாம். அணைக்கத் தேவையில்லை என்று அதன் அன்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெருமையில் பாதிதான் உண்மை. புதிய கோப்பு அலமாரியில் இருக்கிறதே தவிர, மேசைமேல் பழைய பிழைதான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிரலை நிறுத்தித் தொடங்கினால்தான் சன்னல் அடைபடும். கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையப் பகுதியையே திருத்த வேண்டுமானால், யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸும் பொதுவாக அணைந்து எழத்தான் வேண்டும்.

அணைக்காமலே திருத்த வழியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். தொலைபேசி இணைப்பகத்தை நள்ளிரவிலும் அணைக்க முடியாதன்றோ? அதற்காகவே சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தார் 1980-களில் எர்லாங் என்னும் மொழியை உருவாக்கினார்கள். அதில் எழுதிய நிரலை ஓடும்போதே மாற்றலாம். லினக்ஸின் மையத்தை ஓடும்போதே ஒட்டுப்போடும் வசதி 2015-இல் வெளிவந்த அதன் 4.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. 2025-இல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் பெரிய நிறுவனங்களுக்கான விண்டோஸ் 11 பதிப்பில் இதைப் போன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி மாதந்தோறும் எழுப்பாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுப்பினால் போதும். வசதி முதலில் பெரிய இடத்துக்குத்தான் போகிறது! ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் 2016 முதல் இன்னொரு உத்தி உண்டு. ஓர் அலமாரிக்கு இரண்டாக வைத்துக்கொண்டு, நாம் ஒன்றைப் பயன்படுத்தும்போதே மற்றொன்றில் புதியதை அடுக்கிவிட்டு, அடுத்த முறை எழும்போது அங்கே மாறிக்கொள்வது. எழுப்புவது தவிர்க்கப்படவில்லை; காத்திருப்பது குறைந்தது.

சரி, எழுப்ப வேண்டும். நம்மைக் கேட்டுவிட்டு எழுப்பலாமே? முன்பு அப்படித்தான் இருந்தது. அப்டேட்டை ஏற்பதும் விடுவதும் பெரும்பாலும் சொந்தக்காரர் விருப்பம். அந்தக் காலம் முடிவுக்கு வந்த கதை 2003-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜூலை 16 அன்று மைக்ரோசாப்ட் ஒரு பெரும் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் 11 அன்று, ஒரு மாதம்கூட நிறைவதற்குள், பிளாஸ்டர் என்னும் கணிப்பொறிப் புழு அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. அது தாக்கிய பல கணிப்பொறிகளின் திரையில் 60 விநாடிகள் எண்ணப்பட்டு, கணிப்பொறி தானே அணைந்து எழுந்தது. கேளாமல் அணையும் துன்பத்தைப் பலருக்கு முதலில் காட்டியது ஒரு புழுதான் என்பது வேடிக்கை. திருத்தம் இருந்தும் போடாதவர்களே அதில் அகப்பட்டார்கள். அவ்வாண்டு அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் திருத்த நாளாயிற்று. 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக், தானியங்கி அப்டேட்டை எல்லாரும் ஏற்குமாறு வற்புறுத்தியது.

இதைவிடக் கொடிய பாடம் 2017-இல் கிடைத்தது. மார்ச் 14 அன்று திருத்தம் வெளிவந்தது. மே 12 அன்று வான்னாகிரை என்னும் தாக்குதல் தொடங்கியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் அகப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் 236 அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பின்னர் அறிவித்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகள் இரத்தாயின. சில இடங்களில் அவசர நோயாளிகள் வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. மருத்துவமனைகளில் பணியாற்றும் அருட்சகோதரிகளுக்கு அந்த நாளின் கொடுமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக, ஒருவர் வீட்டுச் சன்னல் திறந்திருந்தால் நட்டம் அவரோடு முடிவதில்லை. அந்த வழியே புகுந்த புழு அடுத்த வீட்டுக்கும் போகிறது. தடுப்பூசியைக் கட்டாயமாக்குவதற்குச் சொல்லும் காரணம் இங்கும் பொருந்துகிறது.

ஆனால் நிறுவனங்கள் இந்த நியாயத்தைத் தம் விருப்பப்படி நீட்டிக்கொண்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-இன் வீட்டுப் பதிப்பில், அப்டேட் வேண்டாம் என்று சொல்லும் பொத்தானே இல்லை. பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களையும் புதியதற்கு மாறச் சொல்லி நச்சரித்தது. 2016 ஏப்ரலில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோது, மழை மேகப் படத்தின்மேலேயே அந்த அறிவிப்பு வந்து நின்றது. கலிபோர்னியாவில் சுற்றுலா முகவரான ஒரு பெண்மணி, தாம் கேளாமலே தொடங்கிய மாற்றத்தால் தொழில் கெட்டதென வழக்குத் தொடுத்து 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். தவறு செய்ததாக மைக்ரோசாப்ட் ஒப்புக்கொள்ளவில்லை. மேல்முறையீட்டை மட்டும் கைவிட்டது.

எதிர்ப்பு வளரவே, 2016 ஆகஸ்டில் ஆக்டிவ் அவர்ஸ் என்னும் ஏற்பாடு வந்தது. நாம் வேலை செய்யும் நேரத்தைக் குறித்துவிட்டால் அந்நேரத்தில் எழுப்பாது. தொடக்கத்தில் 12 மணி நேரம் வரைதான் குறிக்கலாம்; அடுத்த ஆண்டு அது 18 ஆயிற்று. எஞ்சிய 6 மணி நேரம் எல்லாரும் உறங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு போலும்! இரவெல்லாம் ஓடி விடை காண வேண்டிய ஆராய்ச்சிக் கணக்கை வைத்திருப்பவர் என்ன செய்வார்? 2019 மே மாதப் பதிப்பில்தான் வீட்டுப் பதிப்பினரும் 35 நாள்கள் வரை அப்டேட்டை ஒத்திவைக்கலாம் என்றானது.

தானாக வந்து இறங்குவதெல்லாம் நன்மையே என்று சொல்வதற்கும் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையுள்ள ஒரு சிறு கோப்பு, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கியது. அது இயங்குதளத்தின் அப்டேட் இல்லை. ஆனாலும் கேளாமலே வந்தது. எழுந்த கணிப்பொறி மீண்டும் விழுந்தது. பலவற்றை ஆள் நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடப் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகளைக் கொடுத்தார்கள்.

திருத்தம் கட்டாயம் என்பதை நான் ஏற்கிறேன். நேரமும் கட்டாயம் என்பதை ஏற்க மனம் ஒப்பவில்லை. காரணம், உண்மையான இழப்பு கணிப்பொறி அணைவதால் வருவதன்று. மேசைமேல் இருந்ததை மறுபடி பரப்பித் தராததால் வருகிறது. தொலைபேசி அணைந்து எழுந்தால் நாம் பாதி எழுதிய செய்தி பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. அணையப்போவதை நிரல்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, மீண்டும் தொடங்கிவிடும் வசதி 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலேயே இருந்தது. அதைப் பயன்படுத்த நிரல் எழுதுவோர் பலர் முன்வரவில்லை. சொந்தக்காரர்கள் வெறுப்புற்று அப்டேட்டையே நிறுத்தும் தந்திரங்களைத் தேடிப் போகிறார்கள். சன்னல் திறந்தே கிடக்கிறது.

இனி, நாம் செய்யக்கூடியவை சில. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் என்னும் பகுதிக்குள் ஆக்டிவ் அவர்ஸ் இருக்கிறது. படிக்கும் நேரத்தை அதில் குறித்துவிடுங்கள். எழுதும்போது கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தும் பழக்கம் விரல்களுக்கு வந்துவிட வேண்டும். இன்னொன்று பலர் அறியாதது. "தினமும் ஷட் டவுன் செய்கிறேனே, பிறகும் ஏன் கேட்கிறது?" என்பார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், விரைவாக எழுவதற்காக, ஷட் டவுன் செய்யும்போது மையப் பகுதியின் நிலையை வட்டில் பதிந்து வைத்து மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. முழுமையாக அணைந்து புதிதாய் எழுவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான்.

இரண்டாம் செவ்வாயன்று வெளிவரும் திருத்தங்கள் அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வருகின்றன. நமக்கு அது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆகவே அந்தப் புதன்கிழமையை நாட்காட்டியில் குறித்து வைத்து, வீட்டுப்பாடம் முடிந்ததும் நீங்களே ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டால், வேண்டாத நேரத்தில் அது உங்களைத் தேடி வருவது பெரிதும் குறையும். மேசைக் கணிப்பொறியாக இருந்து, அன்று உங்கள் பகுதியில் மின்தடை அறிவித்திருந்தால் வியாழனுக்குத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.