ஆபத்து வருமுன் மாணவர் கடமை

ஆபத்துக் காலத்தில் நம் ஜனங்களுக்கு இரக்கம் குறைவென்று எவரும் குற்றஞ் சாட்ட முடியாது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, இளைஞர்கள் திரள் திரளாகத் தெருவிலிறங்கிச் சோற்றுப் பொட்டலமும் குடிநீரும் சுமந்து சென்றனர். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறித் தென்னந் தோப்புக்களைச் சாய்த்தபோதும், உதவிப் பொருள்கள் பல திசைகளிலிருந்தும் வந்து குவிந்தன. இவை நமக்குப் பெருமை தருவனவே. ஆயினும் இவையாவும் ஆபத்து வந்த பின்னர் நடந்தவை. வருமுன் என்ன செய்தோம் என்று கேட்டால் நாம் தலை குனிய நேரிடுகிறது.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதியை நினைத்துப் பாருங்கள். சுமத்திராத் தீவினருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை சுமார் ஆறரை மணி. அலை நம் கரையை வந்தடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரத்தில் ஒரு சிறு குழந்தைகூடக் கரையைவிட்டு வெகு தூரம் நடந்துவிடும். ஆனால், அன்று சொல்வாரில்லை; எவ்வழி ஓடுவதென்று அறிவாருமில்லை. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலோடு நமது அறியாமைக்கும் அந்த மரணங்களில் பங்குண்டு.

"2007-ஆம் வருஷம் முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் இருக்கின்றதே, இனி என்ன கவலை?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நிலையம் அவசியமானதே. அதன் செய்தி ஜில்லாத் தலைநகருக்குக் கணத்தில் வந்துவிடும். ஆனால், குப்பத்தின் கடைசிக் குடிசையில் காது கேளாமற் படுத்திருக்கும் கிழவியை எழுப்பி, கைபிடித்து மேட்டுக்கு அழைத்துச் செல்வது எந்த யந்திரத்தாலும் ஆகாத காரியம். அதற்குக் கால்வலிவும், ஊர்ப் பழக்கமும், பயிற்சியும் உள்ள மனிதர் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் அத்தகையோர் யாவர்? மாணவர்களே.

இது வெறும் கற்பனையன்று. ஜப்பானின் வடகிழக்குக் கரையில் காமைஷி என்றொரு நகரம் உண்டு. 2011-ஆம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி பூமி அதிர்ந்ததும், அந்நகரின் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் எவர் உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினர். அருகிலிருந்த ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளும் அவர்களைக் கண்டு ஓடி வந்தனர். மூத்தவர் இளையவரைக் கைப்பிடித்துச் சென்றனர். முதலில் அடைந்த இடம் போதாதெனக் கண்டு இன்னும் மேலே ஏறினர். நகரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போயினர். பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய 3,000 பேரில் ஒருசிலர் நீங்கலாக அனைவரும் பிழைத்தனர். அப்பிள்ளைகள் பல வருஷங்களாகப் பள்ளியிலேயே இதற்குப் பழகியிருந்தனர் என்பதே காரணம்.

நமக்கும் சாதனம் இல்லாமலில்லை. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969-ஆம் வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி 37 சர்வகலாசாலைகளில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்தவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டுமென்பது விதி. அந்நேரம் முழுவதும் ஊர்வலத்திலும் குப்பை பொறுக்கும் படம் பிடிப்பதிலும் கழியலாமா? அதில் ஒரு பங்கைக் கொண்டு ஊரின் தாழ்ந்த தெருக்களையும் மேடான கட்டடங்களையும் குறித்துப் படம் வரையலாம். நடக்க இயலாதவர், கர்ப்பிணிகள், தனித்து வாழும் முதியோர் இருக்கும் வீடுகளை அறிந்து வைக்கலாம். மூச்சு நின்றவர் மார்பை நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திப் பிழைக்க வைக்கும் முறையைக் கற்கலாம். பாம்பு கடித்த இடத்தைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், கடிபட்டவரை அசைய விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப் பழகலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பயிற்சியற்ற தைரியம் ஒரு மரணத்தை இரண்டாக்கும். நீரில் தத்தளிப்பவனைக் கண்டதும் உடன் குதிப்பது வீரமாகத் தோன்றும். கயிற்றையோ, மூடிய காலிக் குடத்தையோ எறிந்து அவனைக் கரைக்கு இழுப்பதே விவேகம். இந்த விவேகத்தைக் கற்பிக்கும் பொறுப்பு உபாத்தியாயர்களையும், தீயணைப்புப் படையினரையும், வைத்தியர்களையும் சேர்ந்தது.

பரீட்சை கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுவர். வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தால் எவன் பரீட்சையும் கெட்டதில்லை. வெள்ளம் வந்தால் புத்தகமும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே போகுமென்பதை அவர்கள் சிந்திக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஐப்பசியிலும் தவறாமல் வருகிறது. அதற்கு முன் நாட்டுப் பணியில் ஈடுபட்டோர் தத்தம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, இருபது மாணவர்களைத் திரட்டி, இவ்வேலையைத் தொடங்குவார்களாக. மாணவர்களும் அழைப்பிற்குக் காத்திராமல் முன்வருவார்களாக. ஊரைக் காக்கக் கற்றவனே கற்றவன்.